உறைக்காத மிளகாய்க்கு நாலு உரம்

குழந்தையம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் மிளகாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வேலங்காட்டுப்புதூரில் விருந்தாளி ரொம்ப நாள் தங்கிவிட்டால், குழந்தையம்மாள் தோட்டத்து வற்றலில் ஒன்றிரண்டைக் குழம்பில் கூடுதலாகக் கிள்ளிப் போடுவார்கள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே விருந்தாளி மூட்டையைக் கட்டிவிடுவார். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. என் சின்ன மாமனாரை நாங்கள் அப்படித்தான் அனுப்பி வைத்தோம்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார எனக்குப் பொறுமை பத்தாது என்று அப்பாவே கைகழுவிவிட்டதால் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குப் போனேன். நல்லூரில் இருந்த கம்பெனிக்குத் தினமும் சைக்கிள் மிதிக்கிற வழியில், வண்டிப்பாதையை ஒட்டி அக்காவின் தோட்டம். அக்கா என்றால் ரத்த உறவு கிடையாது. ஊரில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவர் குழந்தையக்கா.

நெடுநெடுவென்று உயரம். நடந்தால் கூட வருகிறவர் ஓட வேண்டும். கிணற்று மேட்டில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. கோவிலில் திருநீறு வாங்கும்போதுகூட அதே சத்தம்தான். செடிகளைத் திட்டிக்கொண்டே வேலை செய்வார். "இத்தன எரு தின்னுட்டு இன்னும் முழங்கால் ஒசரம் வரலியா? வெக்கமா இல்ல?" என்று ஒரு செடியைக் கேட்பார். செடியைத் திட்டினால் வளருமா என்று ஒருநாள் கேட்டேன். "திட்டாம உட்டா மனுசனே வளர்றதில்லீங்க தம்பி, இது என்ன" என்றார்.

அறுபத்தேழாம் வருஷம் அவருக்கு நாற்பது வயசிருக்கும். வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கணியூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரரின் அண்ணன் மணியன் தோட்டமும் இவருடைய தோட்டமும் பக்கம் பக்கம். நடுவில் ஒரு வரப்பு, இரண்டுக்கும் ஒரே கிணறு.

மணியனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே நல்ல பண்ணயக்காரர் அவர்தான். வழியில் போகும்போது அடுத்தவன் காட்டில் ஒரு களை தெரிந்தால்கூடக் குனிந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போவார். கை அப்படிப் பழகிவிட்டது. நல்ல மனுஷர். ஆனால் அந்த ஒரு வருஷமாக யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். காரணம் ஊருக்கே தெரியும். குடலில் புண் என்று கோயமுத்தூர் டாக்டர் மிளகாயை அடியோடு நிறுத்திவிட்டார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கம்மஞ்சோறு கரைத்துக் குடித்து வளர்ந்த உடம்புக்கு மூன்று வேளையும் தயிர்ச்சோறும் உப்பும் என்றால் கோபம் வராமல் என்ன வரும்? அவர் மனைவி செல்லாத்தாள் அவருக்கென்று தனியாக ஒரு வெள்ளைக் குழம்பு வைப்பார். அந்தக் குழம்பைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும்.

முதல் வருஷத் திதி முடிந்து சாப்பாடு ஆன பிறகு மணியன் பேச்சை எடுத்தார். நானும் பந்தியில் பரிமாறிவிட்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

"அம்மிணி, நீ ஒத்தப் பொம்பளையா வெயில்ல கெடந்து ஏன் சாவோணும்? தோட்டத்த எங்கிட்ட உட்டுரு. ரெண்டையும் சேத்தி ஓட்டிக்கறேன். நம்ம ஊட்டுலயே வந்து இருந்துக்க. சோத்துக்குக் கொறை வெக்க மாட்டேன்."

அவர் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே அதுதான் நியாயம் என்று நினைத்தார். அதனால்தான் மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. அக்கா கதவோரம் நின்றிருந்தார்.

"காலைல எந்திரிச்சாப் போறதுக்கு ஒரு எடம் வேணுமுங்க மாமா" என்றார். "சோறு எங்க வேணாலும் கெடைக்குமுங்க."

"உன்னால ஆவாது அம்மிணி."

அந்த வார்த்தைதான் அக்காவைக் கிளப்பிவிட்டது. "இந்தத் தைக்கு எம்பட தோட்டத்து மொளகா ஒறைக்கலீன்னா, மோட்டார் ரூம்புச் சாவியக் கொண்டாந்து உங்க கையில குடுத்தர்றனுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மணியனும் சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குழந்தையக்கா தோட்டத்து மிளகாய் உறைக்காமல் போவதாவது!

வழக்கமான விதையையே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கெட்ட நேரம் அவருடைய தம்பி ரூபத்தில் லாரி ஏறி வந்தது. தம்பி பொங்கியண்ணன் லாரி டிரைவர்; ஊட்டியிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிவருவான். அங்கே ஒரு பங்களாத் தோட்டக்காரன் கொடுத்தான் என்று நாலு மிளகாய்ப் பழங்களைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, லோடு காத்திருக்கிறதென்று இறங்கின சூட்டோடு போய்விட்டான். பழம் ஒவ்வொன்றும் ஒரு கையளவு. ரத்தச் சிவப்பு. இன்றைக்குக் குடைமிளகாய் என்றால் கல்யாணப் பந்தியில் குழந்தைகூட ஒதுக்கி வைக்கிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெரலளவு மொளகாயே இந்தப் போடு போடுதுங்களே, கையளவு மொளகா என்ன போடு போடும்? ஒண்ணக் கிள்ளிப் போட்டா ஒரு பந்திக்கே காணுமாட்ட இருக்குதே!"

ருசி பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய மிளகாயைக் கடித்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்ற பயம். விதையை மட்டும் கரண்டியால் வழித்துச் சாம்பலில் புரட்டி வைத்துக்கொண்டு, சதையைக் குப்பைக்குழியில் ஆழமாகப் புதைத்தார். மாடு தின்று செத்துக்கித்துப் போய்விடக் கூடாதாம். பழைய விதையிலும் ஒரு பிடி விட்டு வைக்கச் சொன்னேன். கேட்டால்தானே! மிளகாய்க்கென்று விட்டிருந்த இடம் முழுவதும் ஊட்டி மிளகாய்தான் என்று ஒரே முடிவு.

ஆடியில் நாற்றுவிட்டு ஆவணியில் நட்டார். செடி குட்டையாக, இலை அகலமாக, பார்க்க லட்சணமாக வந்தது. ஐப்பசியில் காய் இறங்கியபோது ஊரே வரப்பில் வந்து நின்றது. ஒரு செடியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்கள். "தொட்டுட்டுக் கண்ணக் கசக்கிறாதீங்க" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள்.

முதல் காயை ருசி பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். கம்பெனிக்கு லீவு. மணியன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; அவர்தான் தீர்ப்புச் சொல்லுகிறவர், ஆனால் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்க்க நானும் டீக்கடைக் கருப்புசாமியும். முன்னேற்பாடாக ஒரு பானை மோர், ஒரு தட்டு கருப்பட்டி, வாய் கொப்பளிக்க ஒரு குடம் தண்ணீர். கருப்புசாமி கிளம்பும்போதே தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்ததாகச் சொன்னான்.

ஆளுக்கொரு துண்டு. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். மென்றேன். ஒன்றும் இல்லை. சில மிளகாய்க்குக் காரம் மெதுவாகத்தான் ஏறும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கருப்புசாமியும் காத்திருந்தான். எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் ஊரே காத்திருந்து பார்த்தது. காரம் வருகிற வழியில் எங்கேயோ நின்றுவிட்டது போலிருக்கிறது.

"வெள்ளரிக்காயாட்ட இருக்குதுங்க" என்றான் கருப்புசாமி.

அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சொல்லுவாங்க. இது பெருத்துங்கூடக் காரம் வர்லியே!" என்று கருப்புசாமி தன் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் டீயோடு சேர்த்து ஊற்றினான். மணியன் அன்றைக்கு, "தைக்கு இன்னும் நாள் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அது அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊரே வரப்பில் நின்று வாயைப் பிளந்தால் கண்படாமல் என்ன செய்யும் என்றார் செல்லாத்தாள். ஓர்ப்படியான குழந்தையக்கா மேல் அவருக்குப் பாசம் உண்டு. திருஷ்டி கழிக்க வற்றலையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போடுவது வழக்கம். நெடி அடித்துத் தும்மல் வந்தால் கண்படவில்லை. நெடியே வராவிட்டால் கண்பட்டது நிஜம். செல்லாத்தாள், தோட்டத்துக்குப் பட்ட திருஷ்டியைத் தோட்டத்து மிளகாயாலேயே கழிப்போம் என்று, காய்ந்த ஊட்டி மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி எப்படி வரும்? எங்கள் வீட்டு அடுப்படியில் கத்தரிக்காய் சுடுகிற வாசம்தான் வந்தது. "அய்யோ சாமி! இத்தனாம்பெரிய கண்ணா பட்டிருக்குது!" என்று செல்லாத்தாள் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்துச் சுற்றிப் போட்டும் திருஷ்டி கழியவே இல்லை.

அக்கா திருஷ்டியை நம்பிக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் குறைந்தால் காரம் கூடும் என்பது அவர் அனுபவம். அதனால் முதலில் செடிகளைத் தாகத்தில் வாட்டிப் பார்த்தார். செடி தலையைத் தொங்கப் போட்டது, காரம் வரவில்லை. பாவம் என்று திரும்பத் தண்ணீர் கட்டினார். அப்புறம் ஒருநாள் என் சைக்கிளை மறித்தார்.

"தம்பி, சத்து பத்தலீங்க. இத்தனாம்பெரிய காய்க்குள்ள காரம் ரொம்போணும்னா சாதாரண எருவுக்கு ஆகுமுங்களா? எந்த எருவுல காரம் ஏறுதுன்னு தனித்தனியாப் போட்டுப் பாத்தரோணும்."

இப்போது நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. ஊரில் ஒருத்தருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. மிளகாய் என்றால் உறைக்க வேண்டும். உறைக்காவிட்டால் வளர்ப்பில் கோளாறு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

இடத்தை நாலு பாத்தியாக மடக்கினோம். எந்த உரம் என்பதில் நாலு பேருக்கு நாலு கட்சி. ஆட்டுப் புழுக்கையை மிஞ்சியது உலகத்தில் இல்லை என்பது அக்கா. ஆட்டுக்காரர் நல்லானிடம் சொல்லி ஒரு பாத்திக்கு நாள்பட்ட புழுக்கையை வாங்கித் தூரில் அணைத்தார். திருப்பூர் ஜின்னிங் பேக்டரிகளில் பஞ்சு பிரித்த பிறகு மிஞ்சுகிற குப்பையை மக்க வைத்துப் போட்டால் கருங்கல்லும் பூக்கும் என்பது என் கட்சி. கம்பெனிப் பாசத்தில் சொன்னேன், சாக்கு மூட்டையை நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். மணியன் அப்போது கூட்டுறவு சொசைட்டியில் டைரக்டர். யூரியா வந்த புதிது. போட்டியில் எதிர்ப்பக்கம் இருந்தாலும், கேட்டால் யோசனை சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "யூரியா போடு அம்மிணி, மூணா நாளு செடி கரும்பச்சையாக் கறுக்கும்" என்று அவரே அரைச்சாக்கு அனுப்பி வைத்தார். கருப்புசாமி மட்டும், காரம் வேண்டுமென்றால் காரத்தைத்தானே ஊட்ட வேண்டும் என்றான். அவன் கடையில் மிஞ்சின வற்றல் உடைசல், காம்பு, விதை எல்லாவற்றையும் ஊறவைத்து நாலாவது பாத்திக்கு ஊற்றினோம். ஊற்றின அன்று எங்கள் கண்களெல்லாம் எரிந்தன. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாத்தி குழம்பாமலிருக்கக் கம்பெனியிலிருந்து கட்டிங் கழிவுத் துணியைக் கொண்டுவந்தேன். அப்போது பனியன் என்றால் வெள்ளைதான், கலர் கிடையாது. அதனால் குச்சி நட்டு வெள்ளைத் துண்டைக் கட்டி, புழுக்கைப் பாத்திக்கு ஒரு முடிச்சு, ஜின்னிங் குப்பைக்கு இரண்டு, யூரியாவுக்கு மூன்று, மிளகாய்த் தண்ணீருக்கு நாலு என்று போட்டு வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் சலவைக்காரர் துறை மாதிரி இருக்கும்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கும் கருப்புசாமிக்கும் ருசி பார்க்கிற உத்தியோகம். நாலு பாத்திக் காயையும் கடிப்போம், காத்திருப்போம், தலையை ஆட்டுவோம். அக்கா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "கொஞ்சமாச்சும் சுருக்குன்னு இருக்குதுங்களா?" என்று கேட்பார். பொய் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். மார்கழி பிறந்தது. அக்கா செடிகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு தொந்தரவு. பாத்திகளில் காய் காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் நாலு பாத்தியிலும் ஒன்றொன்று. அப்புறம் புழுக்கைப் பாத்தியில் மட்டும், அதுவும் நன்றாகத் திரண்ட காயாகப் பார்த்து. மயிலாக இருக்கும் என்றேன். எங்கள் பக்கம் மயிலை விரட்டவும் முடியாது, முருகன் கோபித்துக்கொள்வார்.

"மயிலு காம்பையும் வெதையையும் வரப்போரமாக் குழி பறிச்சுப் பொதைக்குமுங்களா தம்பி?" என்று அக்கா மண்ணைக் கிளறிக் காட்டினார். "இன்னொண்ணுங்க. பாத்தீல ஒரு களையில்ல. நான் எடுக்கல. நேத்து ஒடஞ்சிருந்த வாய்க்காலக்கூட மண் அணைச்சு அடைச்சிருக்குது."

களை எடுத்து, வாய்க்கால் அடைத்து, கூலியாக ஒரு மிளகாய் எடுத்துக்கொண்டு போகிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவுக்கு அப்போதே ஆள் தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் விடிகிற நேரத்துக்கு வரச் சொன்னார். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளைச் சோளத்தட்டுப் போரில் சாய்த்துவிட்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றோம்.

கிழக்கு வெளுத்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்டி வந்தவர் மணியன். வந்தவுடன் நேரே காயில் கை வைக்கவில்லை. குனிந்து இரண்டு கோரையைப் பிடுங்கிப் போட்டார். ஒரு செடிக்கு மண் அணைத்தார். அப்புறம் ஒரு காயைத் தேர்ந்தெடுத்துச் சூரிக்கத்தியால் காம்போடு அறுத்து, வரப்பில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஆமணக்கு இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். உப்பு. மிளகாயைக் கீறி உப்பைத் தடவி, கறுக்கென்று கடித்தார். கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூஞ்சியில் ஒரு வருஷத்துக் கடுகடுப்பு ஒரு வாயில் இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"மாமா" என்றார் அக்கா.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. இருமினார். அக்கா சொம்பில் தண்ணீரை நீட்டினார்.

"காரமே இல்லீன்னு ஊரே பேசிச்சு அம்மிணி. அதான், நம்ம வவுத்துக்கு ஆகுமான்னு ஒண்ணு பாக்கலாம்னு…"

"ஆச்சுங்களா?"

"ஆச்சு." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பல்லுல மொளகா பட்டு ஒரு வருசமாச்சு. அந்த வாசம் வருது பாரு, மூக்குல ஏறுற வாசம், அது போதுமுன்னு ஆயிருது. எரிச்சல் மட்டும் இல்ல. அந்தப் பாழாப்போன டாக்டருக்குக்கூட இதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

பிறகு அக்கா, வேறு எதையும் கேட்காமல், பண்ணயக்காரரைப் பண்ணயக்காரர் கேட்கிற மாதிரி கேட்டார். "நாலு பாத்தீலயும் தின்னு பாத்திருப்பீங்களே. எது தேவலைங்க மாமா?"

அந்தக் கேள்வியில் மணியனுக்கு வெட்கம் மறந்துபோயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தார். "புழுக்கைதான். சதை மொத்தம், கடிச்சா நறுக்குனு இருக்குது, இனிப்பு நிக்குது. இந்தத் தம்பி போட்ட பஞ்சுக் குப்பைல காய் எண்ணம் அதிகம், ஆனாத் தோலு மெலிசு. நம்ம யூரியா இருக்குதே, செடி மரமாட்ட நிக்குது, அத்தனையும் எலை. காய்க்குள்ள வெறுந்தண்ணி. பறிச்சு ரெண்டு நாளு வெச்சாக் கொழகொழன்னு ஆயிருது. போடச் சொன்னவன் நான், நானே சொல்றேன்."

"கருப்புசாமி ஊத்துனதுங்க?" என்றேன்.

"அவனத் தூக்கி அந்தப் பாத்தீல நடோணும்" என்றார் மணியன். மூன்று பேரும் சிரித்தோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை கடித்தும் எங்களுக்குப் புலப்படாத வித்தியாசம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் காரத்தைத் தேடிக் கடித்தோம். அவர் பசித்துக் கடித்தார். சிரித்து முடித்தபின் சாவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருடித் தின்னதை டீக்கடைல சொல்லீரட்டுங்களாக்கா? அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுச் சாவி கேப்பாரு?"

"கூடப்பொறந்த தம்பியோட தோட்டத்துல அண்ணன் ஒரு காய் பறிச்சா அது திருட்டுங்களா?" என்றார் அக்கா. "ஒரு வருசமா வெறுஞ்சோறு தின்ன மனுசனுங்க. அதச் சொல்லிச் சிரிச்சு நான் தோட்டத்த வாங்கோணுமா?"

பொங்கலுக்கு வந்த பொங்கியண்ணன் மிச்சமிருந்த நம்பிக்கையையும் உடைத்துப் போட்டான். நாலு பாத்தியையும் முடிச்சுகளையும் பார்த்து, விஷயம் கேட்டு, லாரி டயர் மேல் உட்கார்ந்து சிரித்தான். "அக்கா, அது ஒறைக்காதுக்கா! அந்தச் சாதியே அப்படித்தான். கோயமுத்தூர்ல பெரிய ஓட்டல்காரங்க இது கெடைக்காம ஊட்டிக்கு ஆளனுப்பறாங்க. ஒறைக்காத மொளகான்னுதான் வாங்கறாங்க!"

விற்பனைக்கு வழி பிறந்துவிட்டது. கூடை கூடையாகத் தானே ஏற்றிப் போவதாகவும் சொன்னான். ஆனால் அக்கா சொன்ன வார்த்தை உறைக்கும் என்பதல்லவா? விதையிலேயே இல்லாததை எந்த எரு கொடுக்கும்? அக்கா மோட்டார் ரூம் சாவியைப் புளி போட்டு விளக்கி எடுத்து வைத்ததைப் பார்த்தேன். எனக்குப் பொங்கல் இனிக்கவில்லை.

பட்டிப் பொங்கலன்று கிணற்று மேட்டில் இரண்டு தோட்டத்து மாடுகளையும் குளிப்பாட்டிக் கட்டி, பட்டிக்கு முன்னால் பொங்கல் வைத்தார்கள். அன்றைக்கு உறவும் ஊரும் அங்கேதான். பூசை முடிந்து மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டியானதும் அக்கா ஒரு தட்டை எடுத்துவந்து மணியன் முன்னால் வைத்தார். தட்டில் ஒரு சிவந்த மிளகாய், ஒரு முடிச்சுப் பாத்தியில் பறித்தது. பக்கத்தில் சாவி.

"சொன்ன சொல்லுங்க மாமா" என்றார். தொண்டை முதல் தடவையாக மெதுவாக ஒலித்தது. "ஆராவது ருசி பாத்துச் சொல்லட்டுங்க."

நானும் கருப்புசாமியும் முன்னால் நகர்ந்தோம். மணியன் கையை நீட்டி எங்களைத் தடுத்தார். மிளகாயை அவரே எடுத்து, எல்லாரும் பார்க்க, பாதிக்கு மேல் ஒரே கடியாகக் கடித்தார்.

"அய்யோ! டாக்டரு சொன்னாரே!" என்று செல்லாத்தாள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

மணியன் மென்றார். மூக்கை உறிஞ்சினார். திடீரென்று வாயைத் திறந்து, "ஸ்ஸ்ஸ்… ஆ! அப்பா!" என்று துண்டால் வாய்க்கு விசிறிக்கொண்டார். "என்ன அம்மிணி இது! கொன்னுபோடும் போல இருக்குதே! மோரு! மோரக் கொண்டா!"

அந்த மிளகாய் உறைக்காதென்று கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கருப்புசாமி வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "ஆமாமுங்க! முந்தாநேத்து ஒண்ணக் கடிச்சேன், இன்னும் எரியுதுங்க!" என்று தன் தொண்டையைத் தடவிக் காட்டினான். அதற்கப்புறம் ஆளாளுக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு கிழவர் அந்த மிளகாயைப் பார்த்தாலே கண் கரிக்கிறது என்றார். செல்லாத்தாள் மட்டும், திருஷ்டி கடைசியில் கழிந்துவிட்டதென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா மோர்ச் சொம்போடு வந்தார். மணியனின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது நடிப்பில்லை. அக்காவுக்கும் வழிந்தது. மணியன் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைத் தட்டில் வைத்தார். சாவியை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார்.

"அடுத்த போகத்துக்குக் காரத்தக் கொஞ்சம் கொறச்சுக்க, அம்மிணி" என்றார்.

"சரிங்க மாமா" என்றார் அக்கா, பழைய சத்தத்தில், மாடெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் கட்டப் போனார்.